பதினோரு வார்த்தை

நிமிடத்துக்கு எழுபது வார்த்தை அடிக்கிற ரயிலக்காவுக்குக் கணினித் தட்டச்சுத் தேர்வு கொடுத்த மதிப்பெண், நிமிடத்துக்கு ஒன்று.

பத்து நிமிடத் தேர்வு. ஆரம்பித்துப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது, 'தேர்வு முடிந்தது, நன்றி' என்று திரை விடைகொடுத்துவிட்டது. அடித்தது பதினோரு வார்த்தை. பத்தால் வகுத்தால் ஒன்று.

"என்னக்கா, ரயில் ஸ்டேஷனை விட்டே கிளம்பலையா?" என்றான் பக்கத்து மேசைக் கோழி. இரண்டு விரலால் கொத்திக் கொத்தி அடிப்பதால் அந்தப் பெயர். பன்னிரண்டு எடுத்தால் போதும் என்ற தேர்வில் அவன் பதினான்கு எடுத்திருந்தான்.

வாய்ப்பு மூன்று. மூன்றிலும் தோற்றால், இருபத்தாறு வருடமாக அவள் உட்கார்ந்திருக்கும் ஜன்னலோர நாற்காலி போய்விடும். அப்புறம் கீழ்த்தளத்துத் தபால் பிரிவில் பார்சல் கட்ட வேண்டியதுதான்.

"விதிமுறைத் தாளைப் படிச்சீங்களா?" என்றார் கண்காணிப்பாளர்.

"அதை அடிச்சதே நான்தான் சார். முப்பது நகல்! ஓரத்துல என் முதலெழுத்து இருக்கே, பாக்கலையா?"

"அட, ஆமா" என்று அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

ரயிலக்காவின் வேகத்துக்குக் காரணம் எளிது. கண் எழுத்தை எடுக்கும், விரல் அதைப் போடும், நடுவில் புத்தி குறுக்கே வராது. கை இங்கே ஓட, மனசு வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கும். ஒருமுறை தனக்கான பாராட்டுக் கடிதத்தைத் தானே அடித்துக் கொடுத்துவிட்டு, அது திரும்பித் தன் கைக்கு வந்தபோது, "எனக்கா?" என்று வாயைப் பிளந்தாள்.

பழைய டைப்ரைட்டர் மெஷினில் ஒவ்வொரு எழுத்துக்கும் தாளைத் தாங்கும் வண்டி ஒரு பல் இடப்பக்கம் நகரும். வரி முடிய ஏழெட்டு எழுத்து இருக்கும்போது மணி அடிக்கும். உடனே இடது கை தானாக எழுந்து நெம்புகோலைத் தள்ளும். உருளை சுழன்று தாள் மேலேறும், வண்டி பழைய இடத்துக்கு ஓடிவரும். கணினிப் பயிற்சியில் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நெம்புகோல் எங்க தம்பி?" பயிற்சியாளர் என்ட்டர் கட்டையைக் காட்டினார். இப்போது மணி இல்லை. ஆனாலும் அவள் தலைக்குள் அது அடித்தது, சுண்டுவிரல் கட்டளைக்குக் காத்திருக்கவில்லை.

குறை விசைப்பலகையில்தான் என்று முடிவு கட்டினாள். மெஷினில் விரலின் பலம்தான் அச்சைத் தூக்கி ரிப்பனில் அடிக்கும். இந்தப் பிளாஸ்டிக் அந்த அடியைத் தாங்காமல் மிரண்டு நின்றுவிடுகிறது! உடனே மெஷினில் உட்கார்ந்து இரண்டு பக்கப் புகார் ஒன்றை அடித்துக் கொடுத்தாள்.

புகாருக்குப் பலன் கிடைத்தது. புது விசைப்பலகை வந்தது. கூடவே, நேரில் பார்க்க மேலாளரும் வந்தார். பின்னால் பாதி அலுவலகம் நின்றது.

இந்த முறை ஏழு வார்த்தை.

"உங்க ரெண்டு பக்கப் புகாரை எவ்வளவு நேரத்துல அடிச்சீங்க?" என்றார் மேலாளர்.

"எட்டு நிமிஷம் சார்."

"திட்டறதுன்னா வேகம் வருது" என்றார் அவர். பாதி அலுவலகம் சிரித்தது.

வீட்டில் கணவர் யோசனை சொன்னார். "நீ ஆத்திரத்துல அடிக்கற. குழந்தை கன்னத்தைத் தொடற மாதிரி தொடு. அவசரமே படாத."

"அவசரப்படலைன்னா நான் எதுக்கு?"

"சரி, அப்ப பார்சல் கட்டு."

பத்து நாள் சாப்பாட்டு மேசையில் விரலை மெதுவாக வைத்துப் பழகினாள். மூன்றாவது தேர்வில் ஒவ்வொரு கட்டையையும் பூப்போல் தொட்டாள். அன்று அடிக்கக் கொடுத்த பகுதியின் முதல் வரி வெறும் தலைப்பு. சுண்டுவிரலும் என்ட்டரைப் பூப்போல்தான் தொட்டது.

இரண்டு வார்த்தை.

கோழிதான் ஆறுதல் சொன்னான். "விடுங்கக்கா. உங்க நாற்காலியை நான் பத்திரமா பாத்துக்கறேன்." மறுநாளே அதில் உட்கார்ந்து கொத்த ஆரம்பித்தான்.

கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது. பசையும் சணலும் மணக்கும் நீள மேசையில், பார்சல்காரர் அவளுக்குக் கட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தார். உள்ளே அடைக்க மாடியிலிருந்து வந்த கழிவுத்தாள் ஒரு கூடை நிறைய இருந்தது. அவர் ஒவ்வொரு தாளையும் கண்ணருகே பிடித்துப் படித்த பிறகே கசக்கினார்.

"குப்பையைப் போய் ஏன் படிக்கறீங்க?" என்றாள் எரிச்சலாக. "இருபத்தாறு வருஷத்துல நான் அடிச்சதுல ஒரு வரி படிச்சதில்ல. அதான் வேகம்."

"எனக்கென்னம்மா அவசரம்?" அடுத்த தாளை விளக்குக்கு நேராகப் பிடித்தார். "ஓரத்துல இருக்கறது உங்க முதலெழுத்துதான? என்னமா அடிச்சிருக்கீங்க, ஒரு பிழை இல்லையே!"

ரயிலக்காவின் முகம் மலர்ந்தது. மூன்று மாதத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை. "என்ன தாள் அது?"

"என்னவோ தேர்வு விதிமுறையாம்" என்றவர், விரலை வைத்து நிறுத்தி நிதானமாக வாசித்தார். "ஏழாவது: வரி முடிந்ததும் என்ட்டர் கட்டையைத் தொடக் கூடாது, கணினி தானாகவே அடுத்த வரிக்குப் போகும், தொட்டால் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்."