தோரியத்து மாப்பிள்ளை

"அணு உலையிலயா வேலை?" என்று கேட்ட விஜயபாண்டி, வாய்க்குக் கொண்டுபோன பால்கோவாவைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

தனுஷ்கோடி மகனை முறைத்தார். இந்த அணு உலைப் பேச்சில்தான் சேத்தூரிலும் சோழபுரத்திலும் சம்பந்தம் முறிந்துபோனது. அதனால் மகன் வேல்பாண்டிக்குக் கரன்ட் சம்பந்தப்பட்ட கவர்மென்ட் வேலை என்று மட்டும் தரகரிடம் சொல்லிவைத்து, ராஜபாளையத்திலிருந்து பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருந்தார். இங்கே பையனே உளறிவிட்டான்.

"யுரேனியமா மாப்ளே?" விஜயபாண்டி விடவில்லை. பெண்ணின் அப்பா, ரிட்டயரான ஏட்டையா அவர்.

வேல்பாண்டி வாய் திறப்பதற்குள் தனுஷ்கோடி முந்திக்கொண்டார். "சேச்சே, தோரியம் அண்ணாச்சி! மணவாளக்குறிச்சி கடக்கரை மண்ணுல கெடக்குல்லா, அது. பச்சப்புள்ள மாதிரி. ஒண்ணும் செய்யாது."

"தோரியத்துல கரன்ட் எடுக்கிறது நம்ம நாட்டுல இன்னும் வரலைன்னுல்லா பேப்பர்ல போட்டிருந்தான்? அப்ப மாப்ளைக்கு வேலையே இல்லியா?"

தனுஷ்கோடி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "ஆராய்ச்சி நடக்கு. இந்தா, அடுத்த வருசம் வந்துரும்."

"முப்பது வருசம்கூட ஆகலாம்ப்பா" என்றான் வேல்பாண்டி, தரையைப் பார்த்தபடி.

அவன் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. "அதாவது அண்ணாச்சி, தோரியம் தானாப் பத்தாது. ஈர விறகு மாதிரி. பத்தவைக்க மட்டும் கொஞ்சூண்டு யுரேனியம்..."

"அப்ப யுரேனியம் இருக்கு!" விஜயபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதை வேற ஆளுக பாப்பாக! இவன் அந்தப் பக்கமே போறதில்ல. யுரேனியத்துல வேலை பாக்கிறவுக வீட்டுல யாராச்சும் சம்பந்தம் பண்ணுவாகளா? நானே பண்ண மாட்டேனே!"

விஜயபாண்டியின் முகம் சுருங்கிப்போனது. உள்ளறையில் பெண் பானுப்பிரியாவின் வளையல் சத்தமும் நின்றது. நன்றாகத்தானே பேசினோம்? தனுஷ்கோடிக்குப் புரியவில்லை. சொன்னது போதவில்லையோ என்று இன்னும் ஏற்றினார்.

"அந்த ஆளுகளை எங்க வீட்டு வாசப்படி மிதிக்க விடமாட்டேன்!"

விஜயபாண்டி எழுந்துவிட்டார். "அப்ப இது சரிப்பட்டு வராது அண்ணாச்சி."

வேல்பாண்டியும் எழுந்தான். "மாமா, இதுக்கு மேல பொய் சொல்ல எனக்கு ஏலாது. நான் யுரேனியத்துலதான் இருக்கேன். தோரியத்தைக் கண்ணால பாத்ததுகூட இல்ல."

தனுஷ்கோடி குனிந்து செருப்பைத் தேடினார்.

காப்பித் தட்டோடு நின்ற விஜயபாண்டியின் தங்கை இருளம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உக்காருங்கண்ணே! ஐ.டி. கம்பெனின்னு தரகர்ட்ட சொல்லி வச்சோமே, எங்க பானுவும் ஐதராபாத்துல யுரேனியத்துலதான் இருக்கா!"