பூட்டு சாரின் பீரோவும் ஜமீலாக்காவின் ஓட்டும்

திருவண்ணாமலையில் பூட்டு வியாபாரம் செய்த யாரும் இதுவரை நொடித்துப் போனதில்லை என்றால், அதற்கு அண்ணாமலையார் அருள் பாதி, எங்கள் தெரு பூட்டு சார் மீதி. உலகத்தில் பூட்டக்கூடிய பொருள், பூட்ட முடியாத பொருள் என்று இரண்டு வகை உண்டு என நீங்களும் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவரைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது வகையே கிடையாது.

கருவூலத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தேரடித் தெருவுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கூரியர் கொண்டுவரும் பையன்கூட "பூட்டு சார் வீடு எதுங்க?" என்றுதான் விசாரிப்பான். வீட்டு கேட்டுக்குப் பூட்டு, தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் பூட்டு, ஃபிரிட்ஜுக்குப் பூட்டு. குளியலறை மக்குக்குச் சங்கிலி போட்டு, குழாயோடு சேர்த்து ஒரு பூட்டு. விருந்தாளி யாராவது குளிக்கப் போனால் அவரது மனைவி விஜயாக்கா துண்டோடு சேர்த்து ஒரு சாவியும் கொடுப்பார்.

கோயிலுக்குப் போனால் செருப்பை ஸ்டாண்டில் விட மாட்டார். சைக்கிள் சங்கிலியால் ஒரு கம்பத்தோடு பூட்டிவிட்டு உள்ளே போவார். ஒரு தடவை பிராகாரத்தில் எங்கேயோ சாவியைத் தொலைத்துவிட்டு, சித்திரை வெயிலில் தார் ரோட்டில் குதித்துக் குதித்து வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் மாற்றுச் சாவியோடு போனபோது செருப்பு அங்கேயே இருந்தது.

"பாத்தியா? பூட்டலன்னா போயிருக்கும்!" என்றார் என்னிடம்.

காலில் கொப்புளத்தோடு இவ்வளவு சந்தோஷமாக இருந்த ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

இப்படி எல்லோரும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த மனிதரை ஒரு குரங்கு பெரிய ஆளாக்கிவிட்டது. எங்கள் சந்தின் முனையில் ஜமீலாக்காவுக்கு மெத்தைக் கடை. புருஷன் தவறிப்போன பிறகு தனியாகவே பஞ்சடித்து, உறை தைத்து நடத்துகிறார். இந்த ஊரில் பாதிப் பேர் தலை வைத்துப் படுப்பது அவர் தைத்த தலையணையில்தான். போன தேர்தலில் அவர் ஓட்டுப் போடப் போனபோது, பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று கடையைத் திறக்காமல் பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு விண்ணப்பம், விசாரணை, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடை என்று மாசக்கணக்கில் அலைந்து, ஒருவழியாகப் பெயரைச் சேர்த்துப் புது அட்டை வாங்கினார்.

வாங்கிய கொஞ்ச நாளிலேயே மலையிலிருந்து இறங்கிவந்த குரங்கு ஒன்று கடைக்குள் புகுந்து, வாழைப்பழம் இருக்கும் என்ற நம்பிக்கையில் அவருடைய மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது. பைக்குள் இருந்தது ரேஷன் கார்டு, ஆதார், ஓட்டு அட்டை. பழம் இல்லை என்ற கோபத்தில் அது ஒவ்வொன்றாகக் கடித்து வீசியது. சாக்கடையில் விழுந்ததும் குரங்கோடு போனதும் போக, முழுசாகத் திரும்பி வந்தது ஓட்டு அட்டை ஒன்றுதான். புது ஆதார் வாங்கப் போனால் கைரேகை விழவில்லை. கோணி ஊசி பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் தேய்ந்து போயிருக்கிறது. எந்திரத்தில் மாறி மாறி வைத்துப் பார்த்துவிட்டு, "அப்புறம் வாங்கக்கா" என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாளே பூட்டு சார் தெருவில் வீடு வீடாக ஏறினார்.

"ஓட்டு கார்டெல்லாம் எங்கிட்ட குடுங்க. பாங்க் லாக்கர்ல வெச்சுட்றேன். எலெக்‌ஷன் அப்போ எடுத்துத் தரேன். கொரங்கு என்ன, கொரங்கோட பாட்டன் வந்தாலும் கை வெக்க முடியாது."

நாங்களும் கொடுத்தோம். குரங்கு பயம் ஒன்று. மாட்டேன் என்று சொன்னால் அவர் வாசலை விட்டு நகர மாட்டார் என்ற பயம் இன்னொன்று. ஜமீலாக்கா கையிலிருந்த அட்டையோடு, கடையில் மிச்சமிருந்த சின்னச் சின்னக் காகிதங்களையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். "பத்திரம் சார். இது போச்சுன்னா மறுபடி என்னால அலைய முடியாது" என்றார். பூட்டு சார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் பாங்குக்குப் போய் லாக்கரைத் திறந்து, அட்டைகளைப் பார்த்துவிட்டு வருவார். வரும் வழியில், "உன் கார்டு நல்லா இருக்குப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். ஹாஸ்டலில் விட்ட பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி இருக்கும்.

தேர்தல் வந்தது. ஒரு வாரத்துக்கு முன்னாலேயே நான் நச்சரிக்க ஆரம்பித்தேன்.

"சார், கார்டு..."

"அவசரப்படாத. ஒரு வாரம் முன்னாடி எடுத்து வீட்ல வெச்சா ரிஸ்க் ஜாஸ்தி. ஓட்டுக்கு மொத நாள் எடுத்தா ரிஸ்க் கம்மி."

அவர் கணக்கில் தப்பே இல்லை. ஒன்றை மட்டும்தான் மறந்துவிட்டார். முதல் நாள் மத்தியானம் பாங்குக்குப் போனால் பாதி நாற்காலி காலி. லாக்கருக்கு பாங்கின் சாவி ஒன்று, நம் சாவி ஒன்று, இரண்டும் போட்டால்தான் திறக்கும். பாங்கின் சாவியைப் பொறுப்பில் வைத்திருந்த மேடம் தேர்தல் பணிக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாகச் சாவியை எடுக்க வேண்டியவரும் தேர்தல் பணிக்குப் போய்விட்டார். மறுநாள் ஓட்டுப்பதிவு, ஊரெல்லாம் விடுமுறை, பாங்கும் விடுமுறை. எங்களை ஓட்டுப் போடவைக்கப் போனவர்கள் எங்கள் ஓட்டு அட்டைகளைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

சாயந்திரம் வீடு வீடாக வந்து தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். அடி விழும் என்றே எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்.

"அட வுடுங்க சார். ஆதார் இருக்குது, அதக் காட்டுனா போட வுட்டுடுவாங்க."

இதில் அவருக்கு நிம்மதி வந்ததைவிட வருத்தம்தான் அதிகம். "அப்ப நான் இத்தினி நாள் காவல் காத்தது எதுக்குப்பா?" என்று என்னிடம் கேட்டார். பிறகு சந்தின் முனை வரை போய், மெத்தைக் கடை வாசலைப் பார்த்துவிட்டு, படி ஏறாமலே திரும்பி வந்துவிட்டார். ஆதார் இல்லாத ஒரே ஆள் அங்கேதான் இருந்தார்.

காலையில் ஜமீலாக்காவே வந்தார். பெருநாளைக்குக் கட்டுகிற புடவை, தலையில் புது முக்காடு.

"சார், கார்டு குடுங்க. வெயிலுக்கு முன்னாடி போட்டுட்டு வந்துட்றேன்."

பூட்டு சார் சொல்லி முடித்ததும் ஜமீலாக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "போன வாட்டி பேரு இல்லன்னாங்க. இந்த வாட்டியும் போடலன்னா மறுபடி பேர எடுத்துடுவாங்களாமே சார்?" என்று மட்டும் கேட்டார். ஒரு தடவை ஓட்டுப் போடாவிட்டால் யாரும் பெயரை எடுக்க மாட்டார்கள் என்று நான் சொன்னேன். ஒரு தடவை பெயர் காணாமல் போனவரிடம் அதைச் சொல்வது லேசு, நம்பவைப்பதுதான் கஷ்டம்.

பூட்டு சார் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாம்மா, நான் சொல்றேன் அவங்ககிட்ட" என்று அவரை அழைத்துக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னால் போனேன். வாக்குச்சாவடி பக்கத்து நகராட்சிப் பள்ளிக்கூடம். உள்ளே இருந்த அதிகாரி வெளியூர்ப் பெண், பொறுமைசாலி.

"இவங்க ஜமீலா. நான் கியாரண்டி!" என்றார் பூட்டு சார்.

"சரிங்க சார். நீங்க யாரு? உங்க அடையாள அட்டை?"

அதுவும் லாக்கரில்தான் இருந்தது. அவருடைய ஆதாரும் அங்கேதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏஜெண்டுகள் எல்லோரும், "மேடம், இது எங்க மெத்தைக்கடை அக்காதான்" என்று சாட்சி சொன்னார்கள். எல்லாக் கட்சியும் ஒரே பேச்சு பேசியதை நான் அன்றுதான் பார்த்தேன். "எனக்கும் நம்பிக்கைதாங்க. ஆனா போட்டோ போட்ட ஆதாரம் ஒண்ணாவது வேணும்" என்றார் அந்த அதிகாரி. அவர் சொன்னதிலும் தப்பில்லை. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் கியாரண்டி கொடுக்கலாம் என்றால் ஊர் என்ன ஆகும்?

வெளியே மர நிழலில் மேஜை போட்டு, எங்கள் தெருவுக்கு வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வருகிற அங்கன்வாடி டீச்சர் உட்கார்ந்திருந்தார். "ஏங்க்கா, ஓட்டு கார்டும் ஆதாரும் மட்டுமா செல்லும்? இன்னும் எவ்ளோ இருக்குது" என்று சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். பாஸ்போர்ட், இல்லை. டிரைவிங் லைசென்ஸ், இல்லை. பான் கார்டு, இல்லை. "போட்டோ ஒட்டின பாங்க், போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்..."

"போஸ்ட் ஆபீஸ்ல என்னிக்கோ ஒண்ணு போட்டேனே!" என்றார் ஜமீலாக்கா. "அதெல்லாம் இதுக்குச் செல்லும்னு யாருக்குத் தெரியும்? அத அந்தக் கவர்ல போட்டு சார்கிட்டதான் குடுத்தேன்."

பூட்டு சாரின் முகம் மலர்ந்தது. "லாக்கர்ல எடம் இல்லன்னு அத வீட்டு பீரோவுலதான் வெச்சேன்! என் பென்ஷன் புக்கும் அங்கதான் இருக்கு!" என்று குதித்தார். குதித்த வேகத்திலேயே முகம் விழுந்தது.

"என்ன சார்?"

"பீரோ சாவி லாக்கர்ல இருக்குப்பா."

"அத எதுக்கு சார் அங்க கொண்டுபோய் வெச்சீங்க?"

"பீரோவ பூட்டிட்டு சாவிய வீட்லயே வெச்சா, பூட்டாத மாதிரிதானே?"

வீட்டுக்குத் திரும்பினோம். பீரோவில் கூடுதலாக வெளிப்பூட்டு ஒன்று தொங்கியது. இருபது திருடன் சேர்ந்து வந்தாலும் அசைக்க முடியாது என்று கடைக்காரர் சொன்ன பூட்டு. பீரோவின் சொந்தப் பூட்டு பழுதாகி வருஷக்கணக்காகிறது, இதை நம்பித்தான் அந்த வீடே இருந்தது. விஜயாக்காவின் கொண்டை ஊசி முதலில் உள்ளே போனது. பாதி வெளியே வந்தது. சாவி செய்கிறவரைத் தேடி நான் மத்தியானம் முழுக்கச் சைக்கிளில் ஊரைச் சுற்றினேன். செங்கம் ரோடுவரை போயும் ஓட்டு நாள் என்று எல்லாக் கடையும் சாத்தியிருந்தது.

"ஒடச்சுடலாம் சார்" என்றேன்.

"சும்மா இருப்பா" என்றவர், மனைவியைப் பார்த்து, "நீ போய் ஓட்டுப் போட்டுட்டு வா" என்றார்.

"எல்லாரும் சேர்ந்தே போவோம்" என்றார் விஜயாக்கா.

"வெயில் தாழ்ந்துடுச்சு, நீ மொதல்ல போ!"

"என்னத்துக்கு என்னைத் தொரத்துறீங்க?"

அவர் பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்தார். மணி ஐந்தைத் தாண்டியது. ஆறோடு வாக்குப்பதிவு முடிந்துவிடும். வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஜமீலாக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"வுடுங்க சார். நீங்க என்ன பண்ணுவீங்க. எனக்கு ராசி இல்ல, அவ்ளோதான். நான் கடையத் தொறக்குறேன்."

பூட்டு சார் விறுவிறுவென்று சமையலறைக்குள் போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓங்கி ஒரே ஒரு போடு. இருபது திருடனுக்கான பூட்டு தேங்காய் மூடி போலத் தரையில் விழுந்தது.

"இவ்ளோதானா?" என்றார். அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய ஏமாற்றம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கதவைத் திறந்ததும் பாஸ்புக் கவருக்கு முன்னால் வேறொன்று வெளியே வந்தது. ஒரு துணி மூட்டை. விஜயாக்கா அதை அவிழ்த்தார். உள்ளே அவருடைய வளையல், ஆரம், கல்யாணத்துக்குப் போட்ட ஒட்டியாணம்.

"ஏங்க! லாக்கர்ல இருக்குன்னு சொன்ன நக எல்லாம் இங்கியா இருக்கு?"

"சின்ன லாக்கர் விஜயா. தெரு கார்டு எல்லாத்தையும் வெச்சா எடம் பத்தல."

"அதுக்கு?"

"நகைய எடுத்துட்டேன்."

விஜயாக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து, அடுத்த குழவிப் போடு எங்கே விழும் என்று எனக்கே பயமாகிவிட்டது. பூட்டு சார் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"நக போனா இன்னொண்ணு செஞ்சுக்கலாம்டி. அந்தம்மா அழுது, அலைஞ்சு வாங்கின கார்டு அது."

விஜயாக்கா உடைந்த பூட்டைப் பார்த்தார், நகையைப் பார்த்தார். பிறகு வளையல், ஆரம், ஒட்டியாணம் என்று எல்லாவற்றையும் எடுத்து மாட்டிக்கொண்டார். "பூட்டில்லாத வீட்ல இத வுட்டுட்டா வரமுடியும்? கெளம்புங்க" என்றார்.

ஆட்டோவில் நாலு பேரும் நசுங்கிக்கொண்டு போனோம். கேட்டைச் சாத்தப் போகிற நேரம். உள்ளே வரிசையில் நின்றவர்களுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் ஒட்டியாணத்தைப் பார்த்து அசந்து, "வழி வுடுங்கப்பா, கல்யாணப் பார்ட்டி" என்று எங்களை உள்ளே விட்டுவிட்டுக் கேட்டைச் சாத்தினார்.

பாஸ்புக்கில் இருந்தது ஜமீலாக்காவின் பழைய போட்டோ. நல்ல ஒல்லி. அதிகாரி படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பூட்டு சார் மூச்சு விடுவதையே நிறுத்திவிட்டார்.

"மூக்குத்தி அதே மூக்குத்தி" என்று சிரித்தார் அதிகாரி. "பேரும் பட்டியல்ல சரியா இருக்கு. வாங்கம்மா, விரல நீட்டுங்க."

ஊசி தேய்த்த அந்த விரலில் மை அழகாகப் பிடித்தது. உள்ளே இயந்திரம் பீப் என்று கத்தியதும் பூட்டு சார் விட்ட பெருமூச்சில் மேஜைமேல் இருந்த சீட்டுகள் பறந்தன. அடுத்து விஜயாக்கா போட்டார், நான் போட்டேன், கடைசியாகப் பென்ஷன் புக்கைக் காட்டி அவரும் போட்டார். வெளியே வந்து, "மன்னிச்சுடும்மா" என்று ஜமீலாக்காவைப் பார்த்துக் கை கூப்பினார். ஜமீலாக்கா விரலை உயர்த்தி மையைக் காட்டினார். "எதுக்கு சார்? என் கார்டுக்குக் கெடச்ச மரியாத எனக்கே கெடச்சதில்ல" என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பாங்க் திறந்ததும் பூட்டு சார் அட்டைகளை எடுத்துவந்து, இனிமேல் அவரவர் பொறுப்பு என்று வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தார். என் வீட்டுக்கும் வந்தார்.

"இந்தாப்பா, உன் கார்டு. பத்திரமா வெச்சுக்க."

வாங்கிப் பார்த்தேன். ஓரம் பிரிந்திருந்த என் அட்டைக்கு எப்போதோ புது உறை போட்டு வைத்திருக்கிறார், என்னிடம் சொன்னதில்லை. அதை மறுபடி அவர் கையிலேயே வைத்தேன்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் சார். அடுத்த எலெக்‌ஷனுக்கு ஒரு வாரம் முன்னாடி குடுங்க, போதும்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டார். ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்தியபடியே வீடுவரை நடந்து போனார்.