நிக்கோலஸ் விமானத்துக்கு எண்ணெய் போட்ட கதை

"ஏட்டி, கீல்ல என்னத்தட்டி ஊத்தின?"

"தேங்காண்ணெ. தலைக்கு ஆகும், தோசைக்கு ஆகும், உங்க பிளேனுக்கு மட்டும் ஆகாதாக்கும்?"

குன்னத்துகாலில் நிக்கோலஸ் வீட்டுச் சண்டையைக் கேட்க யாரும் மெனக்கெட்டுப் போவதில்லை. அது தானே வரும். அன்று தெருமுனைச் சிலுவை நிற்கும் குருசடி வரைக்கும் வந்தது.

ரப்பர் ஷீட் உலர்த்தும் ஷெட்டில் நின்றது அந்தப் பழைய இரண்டு சீட்டு விமானம். துணி போர்த்திய இறக்கை. எங்கோ மூடிப்போன பறக்கும் கிளப்பில் ஏலத்தில் எடுத்தது. பங்குத் திருநாளன்று அதிலிருந்து மாதா சப்பரத்தின் மேல் பூச்சொரியப் போவதாகப் பூசை முடிந்த கையோடு மைக்கைப் பிடித்து அறிவித்துவிட்டார் நிக்கோலஸ். ஓட்ட ஆள் வரும். பக்கத்தில் பூக்கூடையோடு இவர். பறக்கலாம் என்று எஞ்சினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும், லாரியில் ஏற்றித் திருவனந்தபுரம் கொண்டுபோய்விடலாம்.

அந்தக் கையெழுத்து விழக்கூடாது என்று மனைவி ஜெம்மா ஜெபமாலை உருட்டினாள். மிளகு பறிக்க ஏணியேறி, பாதியில் விழுந்து முழங்கையை ஒடித்துக்கொண்ட மனுஷன் அல்லவா? ஜெபம் மட்டும் போதாதென்றுதான் தேங்காயெண்ணெய். டிசம்பர் விடியல் குளிரில் அது உறைந்து, இறக்கைப் பலகை அசைய மறுத்தது. எறும்புகள் மட்டும் டிக்கெட் இல்லாமல் ஏறிக்கொண்டன.

எஞ்சினியர் ஜெஃப்ரின், அதியன்னூர்ப் பையன், வந்து பார்த்துத் தலையில் கைவைத்தான். கீலுக்கு மெல்லிய மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, சக்கர பேரிங்குக்கு அதற்குரிய கிரீஸ், படகு கிரீஸைத் தொடவே கூடாது என்று சொல்லி, மகள் ஜினி கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டுப் போனான்.

நிக்கோலஸ் காட்டாக்கடையில் சதாசிவனின் ஹார்டுவேர் கடைக்குப் போய், படகு கிரீஸோடு திரும்பி வந்தார்.

"சதாசிவன் இதத்தான் தந்தான்."

சதாசிவனுக்காகவும் ஒரு மணி உருட்டினாள் ஜெம்மா. கிரீஸில் ஒரு பிடி மணலையும் கலந்தாள். சக்கரம் அம்மி அரைப்பதுபோல் நறநறத்தது.

ஜெஃப்ரின் மறுபடி வந்தான். சாயாவோடு இப்போது அச்சப்பமும் இருந்தது. துருவிளக்கும் ஸ்பிரே மட்டும் அடித்துவிடாதீர்கள், கிரீஸைக் கரைத்துத் துணியில் வடியவிடும் என்றான். நிக்கோலஸ் காட்டாக்கடைக்குப் போய் அதே ஸ்பிரேயோடு வந்தார். இறக்கைத் துணியில் கறுப்பாய் ஒரு தேசப்படம் உருவானது.

கடைசியில் ஜெஃப்ரினே எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, சரியான எண்ணெய் போட்டு, சனிக்கிழமை கையெழுத்துப் போடுவதாகச் சொன்னான். நிக்கோலஸ் அன்று சோறே இறங்காமல் எழுந்தார். சந்தோஷமாம்.

சனிக்கிழமை காலையிலேயே ஜெம்மா மறுபடி தேங்காயெண்ணெயை ஊற்றினாள். ஆனால் அவன் வரும்போது உச்சிவெயில். உறைந்ததெல்லாம் உருகி, பலகைகள் வழுவழுவென்று ஆடின. ஜெஃப்ரின் பேனாவை எடுத்தான்.

ஜெம்மா குறுக்கே வந்து நின்றாள். "மக்கா, மேல போனா குளிருமா?"

"நல்லா குளிரும் ஆன்ட்டி."

அவ்வளவுதான், தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எழுதாத மக்கா. தேங்காண்ணெ நான்தான் ஊத்தினேன், மேல குளிர்ல உறைஞ்சு போவும். மணலும் நான்தான். இந்த மனுஷன் செத்துப்போவாரு."

பேனா பைக்குள் போனது. நிக்கோலஸ் முற்றத்தில் நின்று ஊர் கேட்க மார்பில் அடித்துக்கொண்டார். திருநாளன்று பூச்சொரிந்தது மாதா கோயில் மாடத்தில் நின்ற, மணியடிக்கும் கோயில்பிள்ளை. "இவ மட்டும் இல்லேண்ணா நான் பறந்திருப்பேன்" என்பதை நிக்கோலஸ் சாவு வீட்டில்கூடச் சொல்லிவந்தார். ஜெம்மா தலை குனிந்துகொள்வாள்.

விமானம் பூவார்ப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்குப் போனது, போட்டோ எடுக்க. ஈஸ்டர் கழிந்து ஜினி ஜெஃப்ரினைக் கட்டிக்கொண்டு அதியன்னூருக்குப் போனாள். அத்தனை சாயாவுக்குப் பிறகு ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

கல்யாணப் பந்தியில் சதாசிவனுக்குத் தன் கையாலேயே இறைச்சி விளம்பினாள் ஜெம்மா. "அண்ணைக்கு நீரு சாமானத்த மாத்தித் தந்ததுதான் பெரிய உபகாரம்."

சதாசிவன் எலும்பை இலையோரம் வைத்தார்.

"நான் எங்க மாத்தினேன் அக்கா? எஞ்சினியர் எதத் தொடக்கூடாதுண்ணு சொன்னாரோ அதப் பாத்துத் தாண்ணு, அண்ணன்தான் ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கினது."