சம்பளத்தை உடனே நிறுத்து

சம்பளத்தைக் கூட்டச் சொல்லி மறியல் செய்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சம்பளமே வேண்டாம் என்று மறியல் செய்த ஒரே ஆள் எங்கள் யூனியன்தான். திருகோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனை நாட்டுக் கப்பல் வந்தாலும் இப்படி ஒருத்தியைக் கொண்டுவந்து இறக்க முடியாது.

அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாம் வீடு. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரை. யூனியன் என்பது ஊர் வைத்த பட்டப்பெயர்; அவளுடைய சொந்தப் பெயரைப் பெற்ற தாயே மறந்திருப்பார். ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சங்கம் தொடங்கி, தொடங்கிய கிழமையே வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவள். அதன்பிறகு போராட அவளுக்குத் தொழிற்சாலை தேவைப்படவில்லை. மீன்காரரின் தராசு, கொண்டக்டர் தராத மிச்சக் காசு, கோயில் சுண்டல் வரிசை என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

பிரசவ லீவும் அதற்குமேல் கெஞ்சி வாங்கிய லீவும் முடிந்து நான் துறைமுகக் கந்தோர் வேலைக்குத் திரும்பவேண்டிய நாள். மகளுக்கு எட்டு மாதம், கணவர் கட்டாரில் வேலை. "பிள்ளையைத் தா, நான் பாக்கிறன்" என்று யூனியன் வந்து நின்றாள்.

மாதம் முடிந்தது. எவ்வளவு கொடுப்பதென்று கந்தோரில் கேட்டேன். "கூட்டாளிக்கு என்ன காசு? தீபாவளிக்கு ஒரு சாறி எடுத்துக் குடுங்கோ" என்றார் ஒருவர். எனக்குக் கோபம் வந்தது. என் வேலையே அவள் கையில் நிற்கிறது, அதற்கு ஒரு சாறியா? என் சம்பளத்தில் சரிபாதியை உறையில் போட்டு, அன்று பின்னேரமே அவளிடம் நீட்டினேன். உறையை மேசையில் எறிந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசல் படலையடியில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பால்மாப் பெட்டி மட்டை. அதில் "சம்பளத்தை உடனே நிறுத்து" என்று எழுதியிருந்தது.

சம்பளமில்லா வேலை கேட்டு அவள் வெளியே. சம்பளமில்லா லீவில் நான் உள்ளே. மகளோ நான் ஊட்டிய கஞ்சியை என் முகத்திலேயே துப்பினாள். பத்து மணிக்கு யூனியன் எழுந்து வந்தாள், ஊட்டினாள், வாயைத் துடைத்தாள், திரும்பக் கதிரைக்குப் போனாள்.

"வேலைநிறுத்தம் எண்டாய்?"

"கஞ்சி அத்தியாவசிய சேவை. அதில கை வைக்க ஏலாது."

மூன்றாம் நாள் முகாமையாளர் போன் எடுத்தார். நாளைக்கு வராவிட்டால் இனி வரவே வேண்டாமாம். நேரே படலைக்குப் போனேன்.

"உழைப்புக்குக் கூலி எண்டு ரோட்டில நிண்டு கத்தினது ஆர்? நீதானே. சும்மா வேலை வாங்க நான் என்ன உன்ர பழைய முதலாளியே? என்ர வேலை போனாலும் போகட்டும். காசு வாங்காட்டிப் பிள்ளையைத் தரமாட்டன்."

யூனியன் மட்டையை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"காசு வாங்கினா நான் உன்ர வேலையாள். வேலையாளை எப்பவும் நிப்பாட்டலாம். ஒருக்கா என்னை நிப்பாட்டினவங்கள், அது காணும். இவளிட்ட இருந்தும் என்னை நிப்பாட்டினா நான் தாங்கமாட்டனடி."

அந்த மட்டையைப் பிடுங்கி அதன் பின்பக்கத்திலேயே ஒப்பந்தம் எழுதினேன். முதலாவது, யூனியனை எக்காரணம் கொண்டும் நிறுத்த முடியாது. இரண்டாவது, சம்பளம் உண்டு. முதலாவதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தாள். சாட்சிக்கு மகளின் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். உறையை எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

மகள் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இனிக் கஞ்சி ஊட்டத் தேவையில்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு யூனியன் படலையில் நிற்பாள். "இன்னும் ஏன் அவவுக்குச் சம்பளம்?" என்று கேட்பவர்களுக்கு அந்த மட்டையைக் காட்டுகிறேன். மட்டை இல்லாவிட்டாலும் அவளை என்னால் நிறுத்த முடியாது. ஒருநாள் அவள் வராமல் விட்டால், அவள் வீட்டுப் படலையடியில் கதிரை போட்டு உட்காரப்போவது நான்தான்.