ஜப்பான்காரன் உயிருக்கு ஆத்மநாதன் தலைமுடி

கீரமங்கலம்
செவ்வாய்க்கிழமை

சிரஞ்சீவி தம்பி ஆத்மநாதனுக்கு, அக்கா அமுதவல்லி எழுதுவது. இங்கே நானும் தங்கை திலகவதியும் உடலளவில் நலம். நீயும் நலமாக, குறிப்பாகத் தலையில் முடியோடு, இருப்பாய் என நம்புகிறேன். தொலைபேசியில் சொன்னால் இடையில் கத்துவாய், ஆகவே கூரியரில் கடிதம்.

நாங்கள் மாலைதோறும் பார்த்துவந்த ஜப்பானியப் பொம்மைப்படத் தொடரின் சீசன் நேற்றோடு முடிந்தது. அதன் நாயகன் இடுப்புவரை வெள்ளிக்கூந்தல் வளர்த்தவன். பதினோரு பகுதிகளில் பூதம், டிராகன், ஒரு மலை ஆகிய அனைத்தையும் சுண்டுவிரலால் சாய்த்தவன். அப்படிப்பட்டவன் கடைசிப் பகுதியில் அரக்கர்கோனிடம் அடிபட்டு விழுந்துவிட்டான். உடனே திலகவதி எழுந்து நின்று, "அய்யனாரே, இந்தப் புள்ள பொழச்சு எந்திரிச்சா எங்க ஆத்மநாதனுக்கு மொட்ட போடுறேன்" என்று வேண்டிக்கொண்டுவிட்டாள். நான்கே நிமிடத்தில் அவன் கொட்டாவி விட்டபடி எழுந்து, அரக்கர்கோனையும் சுண்டுவிரலால் முடித்தான். அந்த நான்கு நிமிடம் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "ஒன் தலைய வேண்டிக்கிட்டா என்னடி?" என்றேன். "ஆம்பள முடிதான்க்கா சாமிக்கு மருவாதி" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை உன் மகள் கார்த்திகாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் புகைப்படத்தில் சுருள்முடியோடு பார்த்தவர்கள். மொட்டைத்தலையோடு நின்றால் பெண்ணின் தகப்பன் எங்கே என்று உன்னிடமே கேட்பார்கள். வேண்டுதலை நிலுவையில் வைத்துச் சுபகாரியம் செய்வதும் ஆகாது. சாமியை நம்பாத எனக்கே நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. காலையிலேயே பூசாரி சோலையப்பனிடம் போய், "பொழச்சவன் ஜப்பான்காரன். அய்யனார் நம்ம ஊர் எல்லைச்சாமி. எல்லைதாண்டின வேண்டுதல் எப்படிச் செல்லும்?" என்று வாதாடினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "டிவி எங்கிட்டு இருக்கு, டீச்சரம்மா?" என்றார்.

"எங்க வீட்டுக் கூடத்துலதான்."

"அப்ப அந்தப் பய விழுந்ததும் எந்திரிச்சதும் நம்ம எல்லைக்குள்ளதானங்க?"

முப்பது ஆண்டு கல்லூரியில் தர்க்கவியல் கற்பித்த நான் கெஞ்சினேன் (எழுதவே கூசுகிறது). ஒருவழியாகப் பூமுடி போதும் என்று இறங்கிவந்தார். கத்தரியால் மூன்றே நறுக்கு, அதுவும் பிடரியில். யார் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே அஞ்சாமல் வியாழனன்று வந்து சேர்.

கார்த்திகாவுக்கு அத்தையின் ஆசி. உனக்கு ஆசியோடு ஒரு புதுச் சீப்பும் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா அமுதவல்லி

பி.கு.: உறையை ஒட்டுமுன் திலகவதி மறுஒளிபரப்பைப் பார்க்கக் கூப்பிட்டாள். முடிவுப் பாட்டுக்குப் பின்னும் ஒரு காட்சி இருந்திருக்கிறது. நேற்று அதற்குள் அணைத்துவிட்டோம். நாயகன் முதுகில் ஈட்டி! திலகவதி கையெடுத்துக் கும்பிடுமுன் அவள் வாயைப் பொத்திவிட்டேன். அந்தப் பதற்றத்தில் வேண்டிக்கொண்டது நான். அவன் ஈட்டியைப் பிடுங்கிப் பல்குத்திக்கொண்டு நடந்துவிட்டான். எனவே பூமுடி ஏற்பாடு ரத்து. முழு மொட்டை, மீசையும் சேர்த்து.