இரும்பு இருக்கிறது என்று நான் சொன்ன நிலம்

முட்டாள்களில் ஆபத்தானவன் தங்கப் பதக்கம் வாங்கிய முட்டாள். நான் நிலவியலில் வாங்கியிருந்தேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைத் தாண்டி ஒரு கிராமம். அங்கே கனிமம் இருக்கிறதா என்று பார்த்துவர ஒரு சின்ன நிறுவனம் என்னை அனுப்பியது. பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் கருவியைச் சுமந்துகொண்டு, பத்து மீட்டருக்கு ஒருமுறை நின்று எண்ணைக் குறிக்க வேண்டும். கீழே இரும்புத் தாது இருந்தால் எண் ஏறும். சாவி, செல்போன், பெல்ட் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. (அந்த அறிவியலை நான் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் செய்தேன்.)

செல்வியக்காவின் அரை ஏக்கரில் எண் சட்டென்று எகிறியது. வரப்பில் வைத்திருந்த போனை எடுத்து மேலதிகாரியிடம் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன்.

"ஆழத்துல தாது இருந்தா எண் மெதுவா ஏறி மெதுவா இறங்கும்யா. ஊசி மாதிரி குத்துச்சுன்னா மேலாப்புல ஏதோ இரும்பு கெடக்குது. தோண்டிப் பாக்காம வாயத் தொறக்காத."

திறந்தேன். வேடிக்கை பார்க்க நின்ற இருபது பேர் முன்னால், "உங்க நிலத்துக்குக் கீழ இரும்புத் தாது இருக்குக்கா!" என்று அறிவித்தேன்.

ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சீருடையோடு வந்திருந்த செல்வியக்கா, "அப்ப நெலத்த புடுங்கிக்குவீங்களா சார்?" என்றார்.

"இனிமே உங்களுக்கு நல்ல காலம்தான்க்கா." (யாரோ எனக்குச் சோடா வாங்கித் தந்தார்கள். வெட்கமில்லாமல் குடித்தேன்.)

மறுநாள் காலை பொக்லைன் வந்தது. நாலடியில் தகரம் கிழியும் சத்தம். துருப்பிடித்த டிரம்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. கிழிந்த டிரம்மிலிருந்து கறுப்பாய்க் கூழ் வழிந்தது. நாற்றம் தாங்காமல் ஓட்டுநர் இறங்கி ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

"முன்ன இங்க மண்ணு அள்ளுன பள்ளம் இருந்துச்சு," என்றார் செல்வியக்கா மெதுவாக. "யாரோ கம்பெனிக்காரங்க லாரில வந்து அவங்களே மூடிக் குடுத்தாங்க. நல்லவங்கன்னு நெனச்சோம்."

அதற்குப் பிறகு அவர் டிரம்களைப் பார்க்கவில்லை. முப்பதடி தள்ளியிருந்த கிணற்றைத்தான் பார்த்தார்.

"எங்க ஊட்டுக்காரருக்கு ஒடம்பெல்லாம் புண்ணு சார். பத்து வருசமா இந்தத் தண்ணியதான் குடிச்சிக்கினு இருக்கோம். உள்ள போயி இன்னா பண்ணும் இது?"

"தெரியலக்கா." இரண்டு நாளில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

கிணற்றை மூடினார்கள். லாரித் தண்ணீர் வந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் கணவர் இறந்துபோனார். அந்தத் தண்ணீரால்தானா என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. நான் கனிமம் தேடுவதை விட்டுவிட்டு, நிலத்தடி நீரைச் சோதிக்கும் வேலைக்குப் போய்விட்டேன்.

எங்கள் வீட்டில் யாராவது அவசரப்பட்டு எதையாவது அறிவித்தால், என் மனைவி, "இன்னா, தாது கெடச்சிடுச்சா?" என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். டிரம் வெளியே வந்தது வரைக்கும்தான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.