ஊரார் முடியும் குல்லா ஆயாவும்

திருத்தணி முருகனுக்கு எங்கள் தெரு கொடுத்த முடியை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் திரித்திருந்தால், அரக்கோணம் வரைக்கும் தேர் இழுக்க வடம் கிடைத்திருக்கும். அத்தனை முடிக்கும் காரணம் ஒரே ஒரு ஆள். விசேஷம் என்னவென்றால், அதில் ஒரு இழைகூட அந்த ஆளின் சொந்த முடி கிடையாது.

அந்த ஆள் என் அப்பாவைப் பெற்ற ஆயா. தெரு வைத்த பெயர் குல்லா ஆயா. வேண்டுதல் என்றால் ஊரில் எல்லோரும் தங்கள் முடியைத் தருவதாக வேண்டிக்கொள்வார்கள். எங்கள் ஆயா அடுத்தவர் முடியைத் தருவதாக வேண்டிக்கொள்வாள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு முழங்கால் வலி. அது சரியானால் அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு மொட்டை என்று நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள். முழங்கால் சரியாகித் தொலைந்தது. அந்த மனுஷன் அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னாத்துக்கு ஆயா என் தலைய இழுக்கிற?"

"காலு உன் பொண்டாட்டிதுதானப்பா? ஒரே குடும்பம். யார் குடுத்தா இன்னா?"

மொட்டை போட்டவர் எல்லோருக்கும் ஆயா கையால் பின்னிய கம்பளிக் குல்லா ஒன்று உண்டு. சித்திரை வெயிலில் எங்கள் தெருவில் கம்பளிக் குல்லாவோடு ஆட்கள் நடமாடுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் ஏதோ தொற்றுநோய் என்று ஒதுங்கிப் போவார்கள். அவள் கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸில் பின்னுவாள், ரேஷன் கடை வரிசையில் பின்னுவாள், சீரியல் வில்லியைத் திட்டிக்கொண்டே பின்னுவாள். கம்பளி தீர்ந்தால் ஒயர் கூடை. ஒயரும் தீர்ந்தால் என் அம்மாவைப் பிடித்து உட்காரவைத்து, சடையை அவிழ்த்து மறுபடியும் பின்னுவாள். "சும்மா குந்திகினு இருந்தா கை அரிக்குதுடா" என்பாள்.

எங்கள் வீட்டில் நிம்மதியாகக் கண்ணை மூடியவர் கிடையாது. மத்தியானம் கொஞ்சம் அசந்தால் நெற்றியில் ஏதோ ஊரும். விழித்துப் பார்த்தால் ஆயா கம்பளி நூலால் தலையை அளந்துகொண்டிருப்பாள்.

"எதுக்கு ஆயா?"

"ஒன்னுமில்ல, நீ தூங்கு."

அதற்கப்புறம் எங்கே தூங்குவது? கல்லூரிக் கடைசி வருஷ குரூப் போட்டோவில் நான் மொட்டை. காரணம், என் சித்தப்பாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. "பிரமோஷன் அவருக்கு, மொட்டை எனக்கா?" என்று குதித்தேன். "அவனுக்குத்தான் வழுக்கையாப் போச்சேடா, சாமிக்கு இன்னாத்த குடுக்கிறது?" என்றாள். 

இப்படி ஊர் தலையில் எல்லாம் கை வைத்தவள், ஒருநாள் வைக்கக் கூடாத தலையில் வைத்துவிட்டாள்.

என் தங்கை சுமதிக்கு வரன் தள்ளிக்கொண்டே போனது. ஜாதகம் பொருந்தினால் ஆள் பொருந்தவில்லை, ஆள் பொருந்தினால் ஜாதகம் பொருந்தவில்லை. கடைசியில் அரக்கோணத்திலிருந்து தினேஷ் வந்தார். நல்ல பிள்ளை. சுமதிக்கு நிஜமாகவே பிடித்துப்போனது. தினேஷுக்குத் தன் தலைமுடிமேல் தனிப் பிரியம். அலை அலையான முடி. பாக்கெட்டில் சீப்பு, பைக் கண்ணாடியில் பார்வை.

நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றி முடித்த கையோடு ஆயா எழுந்தாள். நேராகப் போய் மாப்பிள்ளையின் தலையைச் சுற்றி நூலை ஓட்டினாள். நூலைப் பார்த்ததும் எங்கள் வீட்டில் எல்லோருடைய கையும் தானாகத் தலைக்குப் போனது. மாப்பிள்ளை மட்டும் ஆசீர்வாதம் என்று நினைத்துக் குனிந்து கொடுத்தார், பாவம்.

"இன்னா பாட்டி, தொப்பி பின்றீங்களா?"

"ஆங், நைனா. மொட்டைத் தலைக்கு வெயில் தாங்காதுல்ல?"

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார். "யாருக்கு மொட்டை?"

"மாப்ளைக்குத்தாம்மா. என் பேத்திக்கு வரன் அமைஞ்சா மாப்ள முடிய குடுக்கிறேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கினேன். தாலி கட்றதுக்கு முன்னாடி."

"மொட்டைத் தலையோட என் புள்ள மணவறையில குந்தணுமா? இது கல்யாணமா, கருமாதியா?"

வந்தவர்கள் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "கல்யாணம் முடிஞ்ச பிறகுன்னு வேண்டிக்கக் கூடாதாம்மா?"

"அவசரத்துல வாய் முந்திகிச்சுடா. முன்னாடின்னு வந்துட்ச்சு." ஆயாவின் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

மறுநாளே போன் வந்தது. மொட்டைப் பேச்சை விட்டால் கல்யாணம், இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள் என்றார்கள். விட்டுவிடலாம் என்றார் அப்பா. ஆயாவால் முடியவில்லை. சாமி கடன் பாக்கி நின்றால் அது சுமதியின் வாழ்க்கையில்தான் விடியும் என்று நடுங்கினாள். கொடுத்தே தீரவேண்டும் என்றால் கல்யாணமே நின்றுபோகும். எந்தப் பக்கம் போனாலும் அடி சுமதிக்கு.

சுமதி சோற்றைத் தொடவில்லை. ஆயா குல்லாவைப் பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள், மறுபடி அவிழ்த்தாள். வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்த நடையில் பார்க்கிற எங்களுக்கே கால் வலித்தது. பிறகு என்னை இழுத்துக்கொண்டு மலைக்குப் போய், சந்நிதியில் சத்தமாக வழக்குப் பேசினாள்.

"உனக்கு ரெண்டு பொண்டாட்டி. ரெண்டு கல்யாணத்துல ஒன்னுத்துக்காச்சும் மொட்டையா நின்னியா? சொல்லு!"

பின்னால் வரிசை நகரவில்லை. குருக்கள் பொறுத்துப் பார்த்தார். "வேண்டிண்டவா முடியையே குடுத்தா சுவாமி ஏத்துப்பார் பாட்டி. கொஞ்சம் நகருங்கோ."

ஆயா நகர்ந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது ஊசியைக்கூடத் தொடவில்லை. அவள் முடி அந்த வயதிலும் இடுப்பைத் தாண்டும். பெண் பார்க்க வந்த தாத்தா அவள் முகத்தையே பார்க்கவில்லையாம், சடையைப் பார்த்துத்தான் சரி சொன்னாராம். அவர் போன பிறகும் தினமும் காலையில் அதை விரித்துப்போட்டு எண்ணெய் தடவிச் சீவுவாள். நாள் முழுக்கப் பறக்கிற கை அந்த ஒரு வேலையை மட்டும் நிதானமாகச் செய்யும்.

அடுத்த நாள் விடிந்ததும் ஆளைக் காணோம். நானும் அப்பாவும் வண்டியை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்கு ஓடினோம். படியில் தனியாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். மொட்டைத் தலை நிறையச் சந்தனம். அவள் காதுகள் அத்தனை பெரியவை என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பா படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

"இன்னாத்துக்குடா அழுவுற? தலை எவ்ளோ லேசா கீது தெரியுமா! இத்தினி நாளா உங்களுக்கெல்லாம் நல்லதுதான் பண்ணிகினு இருந்திருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் சுமதி அந்தத் தலையைக் கட்டிக்கொண்டாள். "தாத்தாவுக்குப் புடிச்ச முடியாச்சே ஆயா!"

"அவரு பாக்க வேண்டியது பாத்துட்டாரு கண்ணு. நீ நல்லா இருக்கிறத நான் பாக்க வேணாமா?"

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. மாப்பிள்ளை அலை அலையான முடியோடு தாலி கட்டினார். ஆயாவின் காலில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "எழுந்திரு நைனா, தலை கலையுது" என்று அவள்தான் தூக்கிவிட்டாள்.

சில வருஷங்கள் கழித்து ஆயாவுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் கை விரிக்கிற நிலைமை. அப்புறம் எப்படியோ பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். வேண்டிக்கொண்டபடி மொட்டை போட, நான் யாரிடமும் சொல்லாமல் மலைக்குப் போனேன். முடி காணிக்கை மண்டபத்தில் நுழைந்தால், அப்பா ஏற்கெனவே சந்தனம் பூசிக்கொண்டிருக்கிறார். சித்தப்பா காதோரம் மிச்சமிருந்த நாலு முடியைக் கொடுத்துவிட்டுப் பெருமையாக நிற்கிறார். கத்திக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தவர் தினேஷ். அலை அலையான முடி அவர் மடியில் ஈரமாக விழுந்துகொண்டிருந்தது.

"மாப்ள, நீங்க எதுக்கு?"

"சும்மா இருங்க மச்சான்" என்றார் நிமிராமல். "சுமதிக்கே தெரியாது."

நாலு மொட்டையும் வரிசையாக வீட்டுக்குள் நுழைந்ததும் ஆயா சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, சுமதி தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு தினேஷின் தலையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

போன ஆடியில் ஆயா போய்விட்டாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை தர வீட்டில் ஆள் இருக்கிறது. தலை நிறைய முடியும் இருக்கிறது. கேட்க ஆள் இல்லாத முடி.